சேட்டை, அடங்காமை, ரவுடித்தனம்: ஒரே பிள்ளைக்கு எத்தனை பெயர்?

எல்கேஜி மிஸ் சொல்கிறார்: "உங்க பையன் ஒரு இடத்துல ஒரு நிமிஷம் உக்கார மாட்டேங்கிறாம்மா." வீட்டில் பாட்டி சமாதானம் சொல்கிறார்: "அவங்கப்பன் இதைவிட மோசமா இருந்தான். வளந்தா தன்னால சரியாயிடும்."

மூன்றாம் வகுப்பு டைரியில் சிவப்பு மையில் எழுதி வருகிறது: வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, பக்கத்துப் பையனைத் தொந்தரவு செய்கிறான். ஐந்தாம் வகுப்பில் அம்மா எதைச் சொன்னாலும் "முடியாது, போ" என்கிறான். ஏழாம் வகுப்பில் ஒரு அடிதடி, அப்பாவின் கையெழுத்தை அவனே போட்ட ஒரு ரேங்க் கார்டு. ஒன்பதாம் வகுப்பில் கழிவறைக்குப் பின்னால் புகையிலைப் பொட்டலத்தோடு பிடிபடுகிறான். தலைமையாசிரியர் அறையில் அப்பாவிடம் மெதுவாகச் சொல்லப்படுகிறது: "நீங்களே ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டு டிசி வாங்கிக்கங்க சார். அவனுக்கும் அதுதான் நல்லது."

இந்தப் பையன் கற்பனைதான். ஆனால் இவனை எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறது அல்லவா? பத்து வருடங்களில் அவனுக்கு ஐந்து பெயர் வைத்தாகிவிட்டது. சேட்டைக்காரன், சோம்பேறி, அடங்காதவன், பொய்யன், கடைசியில் ரவுடி. ஒவ்வொரு ஆண்டும் வகுப்பாசிரியர் மாறினார், பெயரும் மாறியது. இந்த ஐந்தையும் ஒரே நூலில் கோத்துப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

குழந்தை மனநல மருத்துவம் கடந்த அறுபது ஆண்டுகளாகச் செய்துவருவது பெரும்பாலும் அந்தக் கோக்கிற வேலையைத்தான். அதில் தெரியவந்தவற்றை நம் வீடுகளும் பள்ளிகளும், முக்கியமாக ஒன்பதாம் வகுப்பில் டிசி எழுதுகிறவர்களும் அறிந்திருக்க வேண்டும்.

மூன்று கோளாறுகள், முதலில் சுருக்கமாக

முதலாவது ஏடிஹெச்டி. கவனக்குறைவு, மிகையான துறுதுறுப்பு, யோசிக்காமல் அவசரப்படுவது ஆகியவை சேர்ந்தது. உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இது உண்டு. துறுதுறுவென்று இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் டாக்டர்கள் இந்தப் பெயரை வைப்பதில்லை. டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மருத்துவக் கையேட்டின்படி, கவனக்குறைவுப் பட்டியலிலோ துறுதுறுப்புப் பட்டியலிலோ உள்ள 9 அறிகுறிகளில் குறைந்தது 6 இருக்க வேண்டும். அவை 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு நடத்தைக் கோளாறு. டாக்டர்கள் சுருக்கமாக ஓடிடி என்பார்கள் (படம் பார்க்கிற ஓடிடி அல்ல, இது வேறு). எடுத்ததற்கெல்லாம் கோபம், பெரியவர்களோடு வாக்குவாதம், வேண்டுமென்றே சொல் பேச்சு கேட்காமை, தன் தப்புக்கு அடுத்தவரைக் கைகாட்டுவது, மனதில் வைத்திருந்து பழிவாங்குவது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அண்ணன் தம்பி சண்டை மட்டும் கணக்கில் வராது. கூடப்பிறக்காத ஒருவரிடமாவது இப்படி நடந்துகொள்ள வேண்டும். அண்ணன் தம்பி சண்டையையும் சேர்த்தால் நம் ஊரில் ஒரு பிள்ளையும் தப்பாது.

மூன்றாவது நடத்தைக் கோளாறு. அடிதடி, திருட்டு, பொருட்களை உடைப்பது, தீ வைப்பது, விலங்குகளைத் துன்புறுத்துவது, வீட்டைவிட்டு ஓடுவது என அடுத்தவர் உரிமையைத் தொடர்ந்து மீறுவது. 15 அறிகுறிகளில் குறைந்தது 3, கடந்த ஓராண்டுக்குள் தெரிந்திருக்க வேண்டும். இதில் மருத்துவர்கள் ஒரு வயதுக் கோடு போடுகிறார்கள். ஒரு அறிகுறியாவது 10 வயதுக்கு முன்பே தொடங்கியதா, அல்லது எல்லாமே அதற்குப் பிறகுதானா? அந்தக் கோடு ஏன் முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் தள்ளி வருவோம்.

தாள்மீது இவை மூன்று தனித்தனிப் பெட்டிகள். நிஜத்தில் ஒரே பிள்ளைக்குள் இரண்டு பெட்டியும் மூன்று பெட்டியும் திறந்து கிடக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏடிஹெச்டி உள்ள 579 பிள்ளைகளை வைத்து நடந்த ஒரு பெரிய சிகிச்சை ஆய்வின் முடிவுகள் 1999இல் வெளியாகின. 7 வயது முதல் 9 வயது வரையிலான அந்தப் பிள்ளைகளில், ஏடிஹெச்டி மட்டுமே இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சுமார் 40 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு நடத்தைக் கோளாறும் சேர்ந்தே இருந்தது. பலருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது. கலந்து வருவதுதான் வழக்கம், தனியாக வருவதுதான் அபூர்வம்.

ஒன்று எப்படி இன்னொன்றாக வளர்கிறது?

பாட்டி சொன்னதில் இருந்தே தொடங்கலாம். "அவங்கப்பன் இதைவிட மோசம்" என்பது சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை. ஒரு குழந்தை மனநல மருத்துவர் அதைக் கேட்டால் உடனே குறித்துக்கொள்வார். இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள், ஏடிஹெச்டியில் மரபின் பங்கு 70 முதல் 80 சதவீதம் வரை இருப்பதாகக் காட்டுகின்றன. பாட்டியின் இரண்டாவது வாக்கியத்திலும் பாதி உண்மை இருக்கிறது. வயது ஏற ஏற ஓட்டமும் குதிப்பும் குறையும். கவனம் சிதறுவதும் வேலையை ஒழுங்காகத் திட்டமிட முடியாததும் பலருக்குக் குறைவதில்லை. வெளியே தெரிகிற பாதி அடங்குவதால், எல்லாமே சரியாகிவிட்டது என்று வீடு நினைத்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளை கடிப்பதும் அடிப்பதும் பிடுங்குவதும் கோளாறு அல்ல. மனித வாழ்க்கையிலேயே அதிகமாகக் கை நீட்டுகிற பருவம் அதுதான் என்று கனடாவின் ரிச்சர்ட் ட்ராம்ப்ளே குழுவினர் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து காட்டினார்கள். பிள்ளைகள் வளர வளர அடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலானவர்கள் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கவனிக்க வேண்டியது, அதைக் கற்றுக்கொள்ள முடியாமல் தவிக்கிற சிலரைத்தான்.

அவர்களின் வீட்டுக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் குடும்பங்களின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, நடப்பதை நிமிடத்துக்கு நிமிடம் எழுத வைத்தார். அவர் கண்டுபிடித்ததைப் புரிந்துகொள்ள ஓரிகனுக்குப் போக வேண்டியதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு நம் வீட்டு ஹாலில் உட்கார்ந்தால் போதும்.

"போனை வச்சுட்டு ஹோம்வொர்க் எழுது."

"அஞ்சு நிமிஷம்மா."

"இப்பவே வைக்கிறியா, இல்லையா?"

"வைக்க முடியாது, போ!"

அம்மா குரலை உயர்த்துகிறார். அவனும் உயர்த்துகிறான், கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அப்பா வந்தால் அடிப்பார். அம்மா களைத்துப்போய், "எக்கேடோ கெட்டுப் போ" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறார். போன் அவன் கையில்.

இந்த இரண்டு நிமிடத்தில் இருவருமே ஒரு பாடம் படித்துவிட்டார்கள். கத்தினால் வேலை நடக்கும் என்று பையன் படித்தான். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மா படித்தார். இன்னொரு நாள் அம்மா விடாமல் நின்று, நாலு சாத்து சாத்தி, அவனை எழுத வைத்துவிடுகிறார். அன்றைக்கு அவர் படித்தது, அடித்தால்தான் நடக்கும் என்று. அவன் படித்தது, பலமானவன்தான் ஜெயிப்பான் என்று. ஒரு நாளில் இப்படி எத்தனை முறை, ஒரு வருடத்தில் எத்தனை முறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த வலுக்கட்டாயச் சுழல்தான் வீட்டிலிருந்து வெளியே போகும் முதல் பாதை என்றார் பேட்டர்சன்.

இதில் அம்மாவைக் குற்றவாளி ஆக்குகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். சொன்னதை உடனே நிறுத்த முடியாத மூளையோடு பிறந்த பிள்ளையிடம், மற்ற அம்மாக்கள் ஒரு முறை சொல்வதை இவர் இருபது முறை சொல்ல வேண்டியிருக்கிறது. அதே வளர்ப்பில்தான் அக்கா அமைதியாக வளர்ந்திருப்பாள். பிள்ளையின் சுபாவம் வளர்ப்பை மாற்றுகிறது, வளர்ப்பு சுபாவத்தைத் திருப்பி அடிக்கிறது. எது முதல் என்று கேட்பதில் பிரயோசனம் இல்லை.

இரண்டாவது பாதை பள்ளியில் திறக்கிறது. ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளில் கணிசமானோருக்குக் கற்றல் குறைபாடும் இருக்கும். 'ப'வையும் 'ட'வையும் வைத்துப் போராடிக்கொண்டிருக்கிற பையனை எழுப்பி, வகுப்பு முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவன் என்று சிரிக்கப்படுவதைவிட, மிஸ்ஸை எதிர்த்துப் பேசி வெளியே நிற்பது அவனுக்குக் கௌரவம். எட்டு வயதில் அவன் எடுக்கும் அந்த முடிவு ஒருவகையில் புத்திசாலித்தனமானதும்கூட. வெளியே நின்றதால் பாடம் போகிறது, பாடம் போனதால் அடுத்த நாளும் வாசிக்க வராது.

மூன்றாவது பாதை நட்பு. முறை வரும்வரை பொறுக்காதவன், தோற்றால் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகிறவனை மற்ற பிள்ளைகள் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஆறாம், ஏழாம் வகுப்பு போதும். கடைசி பெஞ்சை நாம்தான் அமைத்துக் கொடுக்கிறோம். பிறகு, "சேர்க்கை சரியில்லை" என்கிறோம்.

இதற்குள் பருவ வயது வந்துவிடுகிறது. பரபரப்பையும் நண்பர்களின் கைதட்டலையும் தேடும் மூளைப் பகுதி முன்கூட்டியே விழித்துக்கொள்ள, நிறுத்தி நிதானிக்கும் பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதிவரை ஆகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஏற்கனவே பிரேக் தளர்ந்திருக்கிற பிள்ளைக்கு இது இறக்கத்தில் வண்டி ஓட்டுவது மாதிரி.

கோபத்துக்குள் ஒளிந்திருப்பது

நம்மில் பலர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அடங்காத பிள்ளை வளர்ந்து ரவுடி ஆவான் என்பது மட்டுமே நமக்குத் தெரிந்த கதை. எதிர்ப்பு நடத்தையை ஆர்கிரிஸ் ஸ்ட்ரிங்காரிஸ், ராபர்ட் குட்மேன் என்ற இரு பிரிட்டன் ஆய்வாளர்கள் மூன்று இழைகளாகப் பிரித்துப் பார்த்தார்கள். எளிதில் எரிச்சலடைவது ஒன்று, வாதாடி அடம்பிடிப்பது ஒன்று, பழிவாங்கி நோகடிப்பது ஒன்று. மூன்றும் மூன்று திசையில் போயின. அடம்பிடிப்பு ஏடிஹெச்டியோடு ஒட்டிக்கொண்டது. நோகடிக்கும் குணம், பிறர்மீது இரக்கமின்றி நடக்கும் பிரச்சினைகளோடு சேர்ந்தது. எரிச்சல் இழை போய்ச் சேர்ந்தது மனச்சோர்விலும் பதற்றத்திலும்.

அதாவது, எதற்கெடுத்தாலும் சீறி விழுகிற பதின்மூன்று வயதுப் பெண்ணையோ பையனையோ "திமிரு" என்று முடித்துவிடும்போது, உள்ளே வளர்ந்துகொண்டிருப்பது சோகமாக இருக்கலாம். பெரியவர்களின் மனச்சோர்வு மூலையில் போய் உட்காரும். பதின்பருவத்து மனச்சோர்வு பல சமயம் கதவை அறைந்து சாத்தும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இந்தத் தவறு இரட்டிப்பாகிறது. அவர்களில் பலருக்கு ஏடிஹெச்டி ஓட்டமாக வெளிப்படுவதில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பென்சிலைத் தொலைத்துக்கொண்டு, "கனவு காண்கிற பொண்ணு" என்ற பெயரோடு யாருக்கும் தொந்தரவு தராமல் எட்டாம் வகுப்புவரை வந்துவிடுவார்கள். யாரும் டைரியில் எழுத மாட்டார்கள். பிறகு மதிப்பெண் சரியும், பதற்றம் ஏறும். டாக்டரிடம் வரும்போது பதற்றத்துக்கு மட்டுமே மருந்து கிடைக்கும்.

ஏடிஹெச்டி போலவே தோன்றுகிற வேறு விஷயங்களும் உண்டு. சரியாகக் காது கேட்காத பிள்ளை, சில விநாடி நினைவு தப்பும் வகை வலிப்பு உள்ள பிள்ளை, ராத்திரி ஒரு மணிவரை போன் பார்க்கிற பிள்ளை. தினமும் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற அப்பா இருக்கும் வீட்டின் பிள்ளையும் வகுப்பில் கவனம் இல்லாமல்தான் இருப்பான். அவன் கவனம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், சாயங்காலம் வீட்டில் என்ன நடக்குமோ என்பதில். ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுக்கிற டாக்டரிடம் இதெல்லாம் வெளியே வராது.

சும்மா சின்னப் பிள்ளையாக இருப்பதே நோயாகத் தெரிகிற ஆபத்தும் இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 9 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அங்கே பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 கடைசித் தேதி. வகுப்பிலேயே சின்னவர்களான டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்தவர்களைவிட ஏடிஹெச்டி என்று சொல்லப்படும் வாய்ப்பு 30 சதவீதம் அதிகமாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு 70 சதவீதம். மூன்று வயது முடிவதற்குள் எல்கேஜியில் உட்கார வைத்துவிட்டு, "உக்காரவே மாட்டேங்கிறான்" என்று புலம்புகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

எத்தனை பேர் மீள்கிறார்கள்?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குழந்தைகள் ஆலோசனை மையம் ஒன்றுக்கு வந்துபோன 524 பேரை, முப்பது ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்தார் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர். அவர் புத்தகம் 1966இல் வந்தது. அவர் சொன்னதில் இரண்டு பக்கம் உண்டு. சமூகத்துக்கு எதிராக நடக்கும் பெரியவர்களைத் திரும்பிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாரும் சிறுவயதிலேயே அப்படி இருந்திருக்கிறார்கள். ஆனால் அப்படி இருந்த சிறுவர்களை முன்னோக்கிப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப்பட்ட பெரியவர்களாக ஆகவில்லை.

நம் பேச்சுவழக்கு முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ராபின்ஸின் இரண்டாவது பாதி அந்தப் பழமொழிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை விடாமல் பின்தொடர்கிறார்கள். 45 வயதில் பரிசோதித்தபோதும் உயிரோடிருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்தார்கள். அந்த ஆய்வில் பணியாற்றிய டெர்ரி மோஃபிட் 1993இல் சொன்னதுதான் முன்பு பார்த்த பத்து வயதுக் கோட்டின் பின்னணி. பதின்பருவத்தில் வம்பு செய்கிறவர்களை அவர் இரண்டாகப் பிரித்தார். பெரிய கூட்டம் ஒன்று, 13, 14 வயதில் நண்பர்களைப் பார்த்துத் தொடங்கி, வேலை, குடும்பம் என்று வந்ததும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். சின்னக் கூட்டம் ஒன்று, மூன்று வயதிலேயே தொடங்கி, மூளை வளர்ச்சிச் சிக்கலும் வீட்டு நெருக்கடியும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்க, பெரியவர்களான பிறகும் தொடரும்.

பதினைந்து வயதில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது பார்க்க ஒரே மாதிரிதான் இருப்பார்கள். இவன் யார் என்று அன்றைக்கு அவன் செய்த தப்பை வைத்துச் சொல்ல முடியாது. பழைய டைரிகளைப் புரட்டினால்தான் தெரியும்.

பின்னால் நடந்த ஆய்வுகள் இந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் குழப்பவும் செய்தன. ஓய்ந்துவிடும் என்று நினைத்த பெரிய கூட்டத்திலும் சிலர் 26 வயதில் போதையிலும் கடனிலும் மாட்டியிருந்தார்கள். பதின்பருவத்தில் வாங்கிய ஒரு வழக்கு, நிறுத்திய படிப்பு, ஒட்டிக்கொண்ட போதை ஆகியவை வெளியே வரவிடாமல் அவர்களைப் பிடித்து வைத்தன. சிறுவயதில் மிகவும் முரடாக இருந்து, பிறகு அடங்கிப்போன பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள். இரண்டு விஷயமும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. பாதை முன்பே எழுதி வைத்தது அல்ல, வழியில் நாம் திறக்கும் கதவும் மூடும் கதவும் அதை மாற்றுகின்றன.

அதே டனீடன் ஆய்வில், 26 வயதில் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தவர்களில் பாதிப் பேருக்கு 15 வயதுக்கு முன்பே ஒரு கோளாறு பதிவாகியிருந்தது. இந்தியாவின் 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாக மதிப்பிட்டது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் மூன்று பேர்.

"சரிங்க, என்னதான் பண்றது?"

வேலை செய்கிற சிகிச்சைகள் இருக்கின்றன. சின்ன வயதில் முதலிடம் பெற்றோர் பயிற்சிக்கு. பெயரைக் கேட்டதும், "எங்களுக்கு வளர்க்கத் தெரியலைன்னு சொல்றீங்களா?" என்று கோபம் வரும். பயிற்சி உண்மையில் மிகச் சாதாரணமானது. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. இருபது முறை கத்தாமல் ஒரு முறை அருகில் போய்க் கண்ணைப் பார்த்துச் சொல்வது. செய்ததும் அந்த நொடியே பாராட்டுவது. செய்யாவிட்டால் முன்பே சொன்ன சின்ன விளைவு, தினமும் அதே விளைவு. பேட்டர்சனின் சுழலை இது இரண்டு பக்கமும் அவிழ்க்கிறது.

ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் கவனக்குறைவையும் துறுதுறுப்பையும் நன்றாகவே குறைக்கின்றன. பசியும் தூக்கமும் குறையலாம் என்பதால் எடையையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டே தர வேண்டும். முன்பு சொன்ன 579 பேர் ஆய்வில் 14 மாத முடிவில் அடிப்படை அறிகுறிகளுக்கு மருந்து முந்தியது. வீட்டுச் சண்டை, எதிர்ப்பு, படிப்பு போன்றவற்றில் மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. மூன்று ஆண்டில் குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம் மறைந்துபோனது. ஓராண்டு மாத்திரை கொடுத்து முடித்துவிடுகிற விஷயம் இல்லை இது. சர்க்கரை நோய் மாதிரி, ஆண்டுக்கணக்கில் கூடவே நடக்க வேண்டியது.

இப்போது அந்த டிசிக்கு வருவோம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தப் பாதுகாப்பு ஒன்பதாம் வகுப்பு வாசலில் முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் நூறு சதவீதம் காட்ட வேண்டிய அவசரம் தொடங்குவதும் அதே வாசலில். பதின்பருவம் தன் மோசமான வேலையைக் காட்டுவதும் அதே பதினான்கு வயதில். மூன்றும் ஒரே இடத்தில் வந்து மோதும்போது, பையன் வெளியே போகிறான். அதுவும் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்'.

பள்ளியின் சங்கடமும் உண்மையானதுதான். ஐம்பது பேர் வகுப்பில் ஒருவன் நாற்காலியைத் தூக்கி எறிந்தால், மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் ஆசிரியர்தான் பொறுப்பு. அடிவாங்கிய பிள்ளையின் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இதைத் தனியாகச் சமாளி என்று அவரிடம் சொல்வது அநியாயம். ஆனால் நீக்குவதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அவனை வெளியுலகத்தோடு கட்டி வைத்திருந்த கடைசிக் கயிறு அறுகிறது. மோஃபிட்டின் பெரிய கூட்டத்தில் இருந்து ஓய்ந்து வந்திருக்க வேண்டிய பையனை, திரும்பி வர முடியாத பக்கம் நாமே தள்ளுகிறோம்.

உதவி இல்லாமலும் இல்லை. தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய 30 பிரச்சினைகளின் பட்டியலில் ஏடிஹெச்டியும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பலாம், 18 வயதுவரை அங்கே பார்ப்பார்கள். நடைமுறையில் பல், கண், ரத்தசோகை பார்த்துவிட்டுக் குழு கிளம்புவதே அதிகம். துறுதுறுப்பை ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, வகுப்பாசிரியரைக் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டை அதன் 21 வகைகளில் சேர்த்துவிட்டது. ஏடிஹெச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. அதனால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகை ஒருவனுக்குக் கிடைக்கும், அதே அளவு தவிக்கிற பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் கிடைக்காது.

சிறார் நீதிச் சட்டத்தின்படி, 16 வயதுக்கு மேற்பட்டவர் கொடிய குற்றத்தில் சிக்கினால் அவரது மனநிலையை மதிப்பிட உளவியலாளரின் உதவியை நீதி வாரியம் பெறலாம். அந்த உளவியலாளர் ஒன்பது வருடம் தாமதமாக வருகிறார்.

பள்ளிக் கல்வித் துறை செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, பெரிய நிதி தேவைப்படாதது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை, நடத்தை காரணமாக ஒரு மாணவரை அனுப்பும் முன் அவரை மாவட்ட மையத்துக்கோ அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ பரிந்துரைத்ததற்கான பதிவு கட்டாயம் என்று ஒரு சுற்றறிக்கை. 'பெற்றோர் கடிதம்' வந்தாலும் இதே விதி. தனியார் பள்ளிகளுக்கும் சேர்த்து. மாற்றுச் சான்றிதழில் மாணவரின் ஒழுக்கமும் பண்பும் எப்படி என்று கேட்கிற ஒரு வரி உண்டு. அதை நிரப்புகிறவருக்கு, அந்தப் பிள்ளையை ஒரு முறையாவது யாராவது பரிசோதித்தார்களா என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோருக்கு: டெலி மனாஸ் எண் 14416, எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். டாக்டரைப் பார்க்கப் போவதாக இருந்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து வந்த டைரிகள், ரேங்க் கார்டுகள், கிறுக்கிய நோட்டுகள் இருந்தால் எடுத்துப் போங்கள். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பதினான்கு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனதும் டாக்டர் முதலில் கேட்கப்போவது, "ரெண்டாவது படிக்கும்போது எப்படி இருந்தான்?" என்றுதான்.